ஓட்டியது மூன்று நிமிடம், கோன் எடுத்து வைத்தது மூன்று மணி நேரம்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஆட்டோகிராஸ், அதாவது சாலையில் வைக்கிற கூம்பு மாதிரியான கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்துக் கார் ஓட்டுவது. காலையில் இருந்து வெயிலில் கத்திக் கத்தி இந்தக் கதி.

எனக்குப் பின்னால் தெரிகிற சிமெண்ட் களம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் லாரி யார்டு. ஜூன் மாதம் வந்தால் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரியும் டிராக்டரும் வரிசை கட்டி நிற்கும். இப்போது சீசன் இல்லை, களம் காலி. எங்கள் கார் குழுவில் ஒருவர் ஆலைக்காரரிடம் பேசி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தார். ரேஸ் டிராக் என்றால் எங்களுக்கு ஒரு பக்கம் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே. தர்மபுரியில் இருந்து இரண்டுமே 200 கிலோமீட்டருக்கு மேல். மாங்காய்க் களம் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆட்டோகிராஸ் என்றதும் வீட்டில் “ரேஸா?” என்று அம்மா முகம் மாறிவிட்டது. ரேஸ் இல்லை. கோன்களை வைத்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் உள்ளே போகும். போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். எங்கள் பாதையில் முதல் கியரில் கிளம்பி இரண்டாவது போட்டால் முடியும்வரை அதிலேயேதான். வேகம் எங்கேயும் 60-ஐத் தாண்டியிருக்காது. கோன் விழுந்தால், அல்லது அதைச் சுற்றிச் சாக்பீஸில் போட்ட கட்டத்தை விட்டு வெளியே போனால், எங்கள் குழுவில் 2 வினாடி அபராதம். ஒரு கேட்டை, அதாவது இரண்டு கோனுக்கு நடுவே போக வேண்டிய வழியை, விட்டுவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் கிடையாது.

முதலில் வண்டிச் சோதனை. பேட்டரி ஆடக் கூடாது, சக்கர நட்டெல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே உருளுகிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. என் டிக்கியைத் திறந்தால் அரை மூட்டை புளி! ஓசூர் அத்தைக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா ஏற்றியது, பத்து நாளாக அங்கேயே இருக்கிறது. சோதனை செய்த அண்ணன் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். புளி, ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாவற்றையும் இறக்கி ஒரு புங்கமரத்தடியில் வைத்தேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நம் கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை மாதிரியானவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் செல்லாது என்று அதில் போட்டிருக்கும். இங்கே முட்டினால் செலவு நம் பையில் இருந்துதான். அதனால்தான் எங்கள் குழு கோன்களை மதில், விளக்குக் கம்பத்தில் இருந்து நன்றாகத் தள்ளி வைத்தது. இது எங்களுக்குள் பழகிக்கொள்கிற நாள்தான். முறையான போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கொடுக்கிற உரிமம் வேண்டும்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஆளுக்கு மூன்று ஓட்டம். என்னுடையது பழைய டீசல் ஸ்விஃப்ட். முதல் ஓட்டம் 61.2 வினாடி, மூன்று கோன் காலி. ஆக 67.2. மூன்றாவது கோன் பம்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு முடிவுக்கோடு வரை கூடவே வந்தது. பம்பர் கிளிப் ஒன்றும் போய்விட்டது. இரண்டாவது ஓட்டத்தில் ‘விடுறேன் பார்’ என்று இன்னும் வேகமாகப் போய் ஒரு கேட்டையே விட்டுவிட்டேன். நேரம் இல்லை.

அதோடு என் முறை வந்தது. ஓட்டுவதற்கு இல்லை, கோன் காவலுக்கு! இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஷிப்ட் களத்தில் நின்று, விழுந்த கோனை எடுத்து வைத்து, எத்தனை விழுந்தது என்று கத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வரவில்லை என்பதால் எனக்கு இரட்டை ஷிப்ட், மூன்று மணி நேரம். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வந்துவிட்டு வெயிலில் நிற்கிறோமே என்று.

ஆனால் பத்துப் பதினைந்து கார் ஒரே திருப்பத்தில் போவதை வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருந்து தெரியாதது தெரிகிறது. இந்தக் கிளிப்பைப் பாருங்கள். என்னைப் போலவே ஒருவர் திருப்பத்துக்குள் வேகமாக வருகிறார். முன்சக்கரம் முழுக்க ஒடித்து நிற்கிறது, டயர் அலறுகிறது, கார் மட்டும் நேராகப் போகிறது. அவர் என்ன செய்கிறார்? ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கிறார்! ஏற்கனவே பிடி விட்டுப்போன டயரை மேலும் திருப்பி என்ன பயன்?

அடுத்து ஒரு பழைய மாருதி ஜென். ஓட்டுவது பாலக்கோட்டில் இருந்து வந்த ஒரு அக்கா. பிரேக் விளக்கை மட்டும் கவனியுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போதே எரிகிறது, திருப்பம் தொடங்கும்போது அணைகிறது. டயரில் சத்தமே இல்லை. மெதுவாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நேரம் 54.6!

தொப்பூர் கணவாயில் நின்றுகொண்டே பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? டிரைவர் பிரேக்கில் கால் வைத்தால் பின்னால் நிற்கிற கூட்டம் முழுக்க முன்னால் வந்து சாயும். காரின் எடையும் அப்படித்தான். பிரேக் போட்டால் எடை முன்டயர் மேல் ஏறும், அந்த நேரத்தில் முன்டயருக்குப் பிடி அதிகம். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே திருப்பினால் எடை பின்னால் போய்விடும். முன்சக்கரம் இழுக்கிற நம் வண்டிகளில் இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு டயர்தான். இரண்டு வேலையையும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யாது. என் டீசல் வண்டிக்கு மூக்கும் கனம். ஜென்னோ 800 கிலோகூட இருக்காது, அகலமும் குறைவு. கோனுக்கு நடுவே பூனை மாதிரி நுழைகிறது.

மோர் குடிக்கிற நேரத்தில் அந்த அக்காவிடம் போய்க் கேட்டேன், எப்படி என்று. “தம்பி, நீ சுத்துற கோனையே பாக்குற. அது எங்கயும் ஓடிடாது. அடுத்த கோனைப் பாரு” என்றார். அவ்வளவுதான். அவர் டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். ஓட்டம் முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு தூரம் பக்கவாட்டில் மடிகிறது என்று தெரியுமாம். நானும் போட்டுக்கொண்டேன். டயர் அதிகம் மடியாமல் இருக்க, வழக்கமாக 30 வைக்கிற முன்டயரில் காற்றை 36 வரை ஏற்றிக்கொண்டேன்.

மூன்றாவது ஓட்டம். முழுசாகப் போடுகிறேன், வெட்டவில்லை. கிளம்பும்போது ஆக்சிலேட்டர் குறைவு. கோன்களுக்கு இடையில் இடம் வலமாக வளைந்து போகிற ஸ்லாலமில் என் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக்கத்துக் கோனை நான் பார்க்கவே இல்லை. கடைசித் திருப்பத்தில் மட்டும் பழைய புத்தி, கொஞ்சம் அவசரப்பட்டு அகலமாகப் போய்விட்டேன். உள்ளே இருந்தபோது முதல் ஓட்டத்தைவிட மெதுவாகப் போனதாகத்தான் பட்டது. 57.9. கோன் ஒன்றுகூட விழவில்லை. ஜென்னுக்கு இன்னும் மூன்று வினாடிக்கு மேல் பாக்கி.

மாங்காய் வருவதற்குள் இன்னொரு ஞாயிறு இதே களம் கிடைக்கும் என்கிறார்கள். வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், கோன் காவலுக்கு முதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவை நிறுத்துகிறேன். மரத்தடியில் இருக்கிற மூட்டையை ஏற்ற வேண்டும், எறும்பு வந்துவிட்டது.