கணக்கில் குறையும் உந்தம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் அறிந்த அணுப்பொருளைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கரும்பொருள் அண்டத்தில் இருக்கிறது. ஒளியை உமிழாத, மறைக்காத அந்தப் பொருளை இன்றுவரை ஈர்ப்பின் விளைவுகளால் மட்டுமே அறிந்திருக்கிறோம். ஜெனீவா அருகே நிலத்துக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்து, புரோட்டான்களை மிகுந்த வேகத்தில் மோதவிடும் பெரும் ஹாட்ரான் மோதுவியில் அதை எப்படித் தேடுகிறார்கள்?

எதிரெதிரே பாய்ந்துவரும் புரோட்டான்களுக்குப் பக்கவாட்டு உந்தம் (நிறையும் திசைவேகமும் சேர்ந்த இயக்க அளவு) இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, மோதலில் சிதறும் துகள்களின் பக்கவாட்டு உந்தங்களைத் திசையோடு சேர்த்துக் கூட்டினால் சுழி வரவேண்டும். ஆனால் மோதுவியில் உள்ள அட்லஸ், சிஎம்எஸ் என்னும் உணர்கருவிகளின் பதிவுகள் சிலவற்றில், ஒரு பக்கம் துகள்கள் தாரையாகப் பாய்ந்திருக்க, எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அவ்வழியே ஏதோ ஒன்று தடயமின்றி வெளியேறியிருக்கலாம்.

அது கரும்பொருள்தான் என்று உடனே முடிவுகட்ட இயலாது. மோதலில் பிறந்து உடனே சிதையும் இசட் போசான் என்னும் துகள், கருவியில் பதியாமல் ஊடுருவிச் செல்லும் இரண்டு நியூட்ரினோக்களாகச் சிதைந்தாலும் இதே காட்சிதான் தெரியும். இந்த இடத்தில் ஆய்வாளர்கள் கையாளும் வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். அதே இசட் போசான் எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான இரண்டு மியூவான்களாகவும் சிதையும். அவை கருவியில் தெளிவாகப் பதியும். அவற்றை எண்ணி, நியூட்ரினோச் சிதைவு அதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு நிகழும் என்ற விகிதத்தைக் கொண்டு, கண்ணில் படாதவற்றின் எண்ணிக்கையை வருவிக்கிறார்கள். அதற்கு மேல் ஏதேனும் மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. இதுவரை உறுதியாக எதுவும் மிஞ்சவில்லை.

நாளை மிஞ்சினாலும் மோதுவி தனித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கருவியைத் தாண்டிச் செல்லும் நொடியின் மிகச்சிறு பகுதிவரை பிழைத்திருந்தாலே ஒரு துகள் அதன் பார்வையிலிருந்து தப்பிவிடும். கரும்பொருளோ 1,380 கோடி ஆண்டு வயதுடைய அண்டத்தில் இன்றும் நிலைத்திருப்பது. ஆகவே இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் திரவ செனானை வைத்து, கரும்பொருள் துகள் அதன் அணுக்கருவில் மோதுவதற்காகக் காத்திருக்கும் ஆய்வு போன்ற ஒன்றும் அதே துகளைக் காட்டவேண்டும். ஆனால் செனான் அணுக்கருவை அசைக்கும் வலுவில்லாத இலேசான துகள்களையும் மோதுவியில் தேடலாம் என்பது அதன் தனிப்பலம்.

அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளும் இந்தத் தேடலுக்கு ஒரு வாயில்; அது கரும்பொருளாகச் சிதையக்கூடும். அது கண்ணுக்குத் தெரியாமல் சிதைவது 100க்கு ஏறத்தாழ 11க்கு மேல் இருக்க முடியாது என்று அட்லஸ் குழு 2023இல் வரம்பிட்டது. அறிந்த துகள்களை விளக்கும் செந்தர மாதிரி (Standard Model) என்னும் கோட்பாட்டின்படி, நான்கு நியூட்ரினோக்களாக அது மறைவது 1000க்கு ஒன்று மட்டுமே. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பரப்பில்தான் தேடல் இப்போது நடக்கிறது.