ஊர் அரிசிச் சோறு

(மேலூர் அருகே ஒரு கிராமச் சபையின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம் தொடங்கும் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்த மேசையைப் பார்த்தால் பேச்சை விட்டுவிட்டு நேரே ஏலத்துக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றுகிறது. பூசணி, வாழைத்தார், கட்டுக் கரும்பு, கால் கட்டிய சேவல். சேவல் வேறு போதகர் ஐயா ஜெபிக்கும்போதே இரண்டு முறை ஆமென் சொல்லிவிட்டது.

நான் போதகன் அல்லன். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார், ஒன்பது வருஷமாக இந்தச் சபையின் பொருளாளர். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கொடுத்ததை யாரிடம் எத்தனை முறை சொல்லிக் காட்டினார்கள் என்பதும் காதுக்கு வந்துவிடும்.

என் குற்றத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இதே இடத்தில் ஒரு தேங்காய் ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. ஏற்றிவிட்டவன் நான். ‘மைத்துனர் நானூறு கேட்டுவிட்டார், மாமா சும்மா நிற்கிறாரே’ என்று இரண்டே வார்த்தை. கூரைக்கு ஓடு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு வீட்டாரும் மூன்று மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. யார் என்று கேட்காதீர்கள். ஐந்நூறை வரவில் எழுதினேன். மற்றதை எந்த நோட்டில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டில் வாசித்து வாசித்து, அது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எழுதியது என்று ஆக்கிவிட்டோம். மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். ‘எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்... அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை.’ அன்னதானம் என்று தமிழில் போட்டவர் நம் ஊர் வழக்கு அறிந்தவர். பவுல் எழுதிய கிரேக்க வினைச்சொல்லுக்குப் பிட்டுப் பிட்டு ஊட்டுதல் என்று பொருள். இருப்பதையெல்லாம் கவளம் கவளமாக ஒருவன் ஊட்டித் தீர்த்துவிட முடியும், அப்போதும் அதில் அன்பு இல்லாமல் போக முடியும் என்கிறார் பவுல். சிறுவயதில் எனக்கு இது புரியவில்லை. வாயில் ஊட்டிவிடுவதில் அன்பு எப்படி இல்லாமல் போகும்?

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கூரை வாரையில் ஒரு மண்கலயம் தொங்கும். உலையில் போட அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன் அம்மா அதில் ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போடுவார். கேப்பைக் களி கிண்டுகிற நாளில் ஒரு பிடி கேப்பை மாவு. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோவார். எல்லா வீட்டுப் பிடி அரிசியும் ஒரே சாக்கில் விழும். விழுந்த பிறகு எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்க முடியாது. மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே பழக்கம் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் புஃபாய் தாம். காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டமும் நீங்கள் கேள்விப்பட்டதுதான். அடுப்பு எரிகிற வீட்டில் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனை.

பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரிக்கு அந்தப் பக்கம் இருபோகம், நமக்கு ஒருபோகம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்த ஒருபோகத்துக்கும் தண்ணீர் வரவில்லை. அப்பா வேலை தேடி வெளியூர் போயிருந்தார். கலயத்தில் போடப் பிடி இல்லை. உலையில் போடவும் இல்லை. இரண்டு ஞாயிறு அம்மா வெறுங்கையோடு ஆராதனைக்குப் போனார். மூன்றாம் ஞாயிறு தலைவலி என்று படுத்துவிட்டார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், அப்போது சபையைக் கவனித்துவந்த உபதேசியார் அரைச் சாக்கு அரிசியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். திண்ணையில் உட்காரவில்லை. ‘அம்மா, கோயில் அரிசியில் வண்டு ஏறிவிட்டது. புடைக்க ஆள் கிடைக்கவில்லை. நீங்கள்தான் ஒத்தாசை செய்ய வேண்டும். கூலி கொடுக்கச் சபையில் காசில்லை, பாதியை வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். குரலில் நிஜமாகவே ஒரு கெஞ்சல் இருந்தது.

அம்மா சுளகை எடுத்தார். பாய் விரித்துச் சாக்கைக் கவிழ்த்தவன் நான். வண்டு பிடிக்கலாம் என்று ஆசையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ‘அம்மா, வண்டே இல்லையே’ என்றேன். ‘பேசாமல் கல்லைப் பொறுக்குடா’ என்றார்.

அந்த அரிசியைச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி, யாரோ ஒரு வீட்டுச் சிவப்பரிசி எல்லாம் கலந்தது. ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று நறுக்கென்று பல்லில் மாட்டும். ‘ஏன் சோறு இப்படி இருக்கிறது?’ என்று தங்கை கேட்டாள். ‘ஊர் அரிசி, அப்படித்தான் இருக்கும்’ என்றார் அம்மா. மறுநாள் அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போட்டதையும் நான் பார்த்தேன்.

வேதத்தில் ரூத் என்ற ஏழை விதவை கதிர் பொறுக்க வந்த கதையில், வயல்காரன் போவாஸ் வேலைக்காரர்களிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவள் பொறுக்கிக்கொள்ளும்படி, அறுத்த கதிர் அரிகளில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடச் சொல்கிறான், அவளை அதட்ட வேண்டாம் என்கிறான். சாயங்காலம் அவள் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. தன் கைச் சுறுசுறுப்பால் சேர்ந்தது என்றே நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். எங்கள் உபதேசியார் சிந்திய அரி, அந்த இல்லாத வண்டு.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். காணிக்கை குறைந்தால் கமிட்டியில் உடனே நாம் எடுப்பது, இருந்ததையெல்லாம் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசுக் கதை. மாற்கு பன்னிரண்டில் அதற்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதை எந்தக் கமிட்டியிலும் வாசித்து நான் கேட்டதில்லை. நானும் வாசித்ததில்லை.

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி குலத்துப் பெண் தம் நகையையும் சொத்தையும் விற்று, வீட்டு வாசலில் கஞ்சி ஊற்றினார் என்று சொல்வார்கள். அவர் நம் சபை அல்லர், கொரிந்தியர் நிருபம் அவருக்கு யாரும் வாசித்திருக்கப் போவதில்லை. வரிசையில் நின்றவர்களில், அதுவரை அவர் நிழல் பட்டாலே விலகிப் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டதாகக் கதையில் இல்லை. அந்த அம்மாளின் பெயரை நம் பிரசங்கங்களில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்றைக்கு நானாவது சொல்லிவிட்டேன்.

ஓர் அறிவிப்பு. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட டிரம் ஒன்று வைத்திருக்கிறோம், பிடி அரிசிக்காக. இந்த முறை பெயர் எழுத நோட்டு வைக்கவில்லை. புடைக்க இரண்டு வீட்டில் சொல்லியிருக்கிறேன், எந்த வீடு என்பதை என்னிடம் கேட்க வேண்டாம்.

ஏலத்தில் இன்று மைத்துனர், மாமா என்று யாரையும் கூப்பிட மாட்டேன். சேவலிலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் அவசரப்படுகிறது.