1337 வயதுக்கு ஒரு கேக்

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்தத் தட்டைப் பாருங்கள். இதில் கிடப்பது எட்டு என்ற எண் மெழுகுவர்த்தியின் இடப்பக்கம். நீல நிறம், ஓரத்தில் மினுமினுப்புத் தூள். வலப்பக்கம் சனிக்கிழமை இரவு எரிந்து தீர்ந்துவிட்டது. இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத காப்பி, வழக்கம்போல் பக்கத்தில் இருக்கிறது, ஆறினால் ஆறட்டும்.

அண்ணன் மகனை உங்களுக்குத் தெரியும். "அத்தை, வெளிச்சம் போதவில்லை" என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பானே, அவன்தான். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். சனிக்கிழமை அவனுக்கு 14 வயது நிறைந்தது. கேக்கின்மேல் எந்த எண்ணை வைக்கலாம் என்று கேட்டேன். 1, 3, 3, 7 என்றான். 14 வேண்டாமாம். பிறந்தநாள் பிள்ளை கேட்டால் மறுக்கலாமா? புறப்பட்டுவிட்டேன்.

சிங்கப்பூரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், தெம்பனிஸ் வட்டாரத்தில் கேக் சாமான் விற்கும் கடை. ஒரு மெழுகுவர்த்தி 2 வெள்ளி 80 காசு. ஒன்று இருந்தது, ஏழு இருந்தது, மூன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்கார அம்மா நான்கு எண்களையும் கேட்டுவிட்டு, "யாருக்கு ஆயிரத்து முந்நூறு வயது?" என்றார். இருந்த மூன்று மெழுகுவர்த்திகளையும் வாங்கிக்கொண்டு பக்கத்து வட்டாரமான பிடோக் போனேன். அங்கே அதே மெழுகுவர்த்தி, அதே நீலம், அதே பெட்டி, 1 வெள்ளி 50 காசு! நான்கையும் அங்கேயே வாங்கியிருந்தால் 6 வெள்ளியோடு முடிந்திருக்கும். ஆனால் அங்கே மூன்று என்ற எண்ணே இல்லை. பூஜ்யம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, ஒன்பது அடுக்கி வைத்திருக்கிறார்கள், மூன்று மட்டும் இல்லை. தீவில் மூன்று வயதுப் பிள்ளைகளே இல்லையா? தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை விலையைப் பற்றி நான் பேசிய வீடியோவில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

அப்போதுதான் எட்டைப் பார்த்தேன். எட்டின் இடப்பக்கத்தை எடுத்துவிட்டால் மூன்றுதானே? ஓர் எட்டு வாங்கினேன். ஆக மொத்தம் 9 வெள்ளி 90 காசு. வீட்டுக்கு வந்து கத்தியைக் கொதிநீரில் முக்கி, துடைத்து, மெழுகின்மேல் வைத்தேன். கவனியுங்கள், திரியும் குச்சியும் நட்டநடுவில் இருக்கின்றன. அதனால் நடுவில் வெட்டக் கூடாது. நெல்மணி அளவு இடப்புறம் தள்ளி வெட்ட வேண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் சூடே இறங்கிக்கொள்ளும். மேல் வளையம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கீழ் வளையத்துக்குக் கத்தியை மறுபடி முக்கினேன். கடையில் வாங்கிய மூன்றையும் நான் செய்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். எது எது என்று அண்ணிக்கே தெரியவில்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

சரி, 1337 என்றால் என்ன? கேக் வெட்டும்போது அவனே சொன்னான். எண்களை ஆங்கில எழுத்துகளாகப் பார்க்க வேண்டும். 1 என்பது எல், 3 என்பது இ, 7 என்பது டி. சேர்த்துப் படித்தால் 'லீட்'. உயர்ந்தவர்கள் என்று பொருள்படும் 'எலீட்' என்ற சொல்லின் சுருக்கம். 1980களில், இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன், கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து மின் அறிவிப்புப் பலகைகளில் எழுதிக்கொண்டார்கள். அவற்றில் தனிச் சலுகை பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பெயர். 4 என்றால் ஏ, 0 என்றால் ஓ, 5 என்றால் எஸ். தடை செய்த சொற்களைத் தேடும் வடிகட்டியின் கண்ணில் படாமல் எழுதவும் இது உதவியது.

குடும்பக் குழுவில் படத்தைப் போட்டதும், "எழுத்துக்குப் பதில் எண் போடுபவன் ஹேக்கர், பிள்ளையைக் கண்டியுங்கள்" என்று பெரியப்பா யாரோ அனுப்பியதை அப்படியே அனுப்பிவிட்டார். பெரியப்பாமீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இப்படி வாசித்துப் பார்க்காமல் அனுப்புவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஹேக்கர்களுக்கும் அந்த எண்ணுக்கும் உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998இல் 'கல்ட் ஆஃப் த டெட் கவ்' என்ற குழு, விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் 'பேக் ஒரிஃபிஸ்' என்ற நிரலை வெளியிட்டது. அது பயன்படுத்திய வாயில் எண், அதாவது கணினிக்குள் தகவல் போய்வரும் வழியின் எண், 31337. முன்னால் இன்னொரு 3, அதாவது இ, சேர்ந்ததால் முழு 'எலீட்'. அது அவர்கள் போட்ட கையெழுத்து. அதற்காகப் பிறந்தநாள் கேக்கில் எண் வைத்த பிள்ளையைக் கண்டிப்பதா?

ஐயோ, பாட்டி கதையை விட்டுவிட்டேன். கேக்குக்கு முன்னால் நடந்தது. பாட்டியும் அவனும் கேரம் ஆடினார்கள். பாட்டி வென்றார். தோற்றவன் எழுந்து "ஜிஜி பாட்டி" என்றான். "யாரடா ஜிஜி?" என்று பாட்டி திகைத்துப்போனார். நல்ல ஆட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. கணினி விளையாட்டில் ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்குவதுபோல் சொல்வது. இதைவிட நல்ல பழக்கம் உண்டா? 'நெர்ஃப்' என்ற சொல்லும் எனக்குப் பிடித்துவிட்டது. பஞ்சுபோன்ற நுரைக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கியின் பெயர் அது. விளையாட்டைத் தயாரிப்பவர்கள் ஓர் ஆயுதத்தின் பலத்தைக் குறைத்துவிட்டால், அதை 'நெர்ஃப்' செய்துவிட்டார்கள் என்பார்கள், சுட்டாலும் வலிக்காது. 2022 அக்டோபரில் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டி இறுதிச்சுற்று நம் உள்ளரங்கு விளையாட்டரங்கில் நடந்தபோது அண்ணன் டிக்கெட் வாங்கிப் போய், வர்ணனையில் ஒரு வரி புரியாமல் திரும்பினார். இப்போது அவருக்கும் மகனே பாடம் எடுக்கிறான்.

பிடிக்காத சொல் 'நூப்'. 'நியூபி' என்றால் புதிதாக வந்தவர், அவ்வளவுதான். அதைத் திரித்துத் திட்டும் சொல்லாக்கிவிட்டார்கள். புதிதாக வந்தவனைத் திட்டினால் யார் அடுத்த முறை வருவார்கள்? இதை அவனிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். கடவுச்சொல்லில் ஏ-க்குப் பதில் 4, ஓ-க்குப் பதில் 0 போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நானும் நம்பியிருந்தேன். கடவுச்சொல்லை உடைக்கும் நிரல்களுக்கு இந்த மாற்றங்கள் எல்லாம் மனப்பாடம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பதே மேல். மோசடிக்காரர்களும் இதே வித்தையைச் செய்கிறார்கள். இணைய முகவரியில் ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் 1799ஐ அழையுங்கள். மோசடித் தடுப்பு உதவி எண் அது.

இப்போது இந்தத் தட்டுக்கு வருகிறேன். அவன் 1337ஐ விளக்கிக்கொண்டிருந்தபோது வெட்டிய எட்டின் மிச்சம் என் கையில் இருந்தது. சட்டென்று ஔவை நினைவுக்கு வந்தார். கம்பரைப் பார்த்துப் பாடியதாக வழங்கும் தனிப்பாடல், 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்கும். தமிழ் எண்களில் எட்டின் குறி அ-வைப் போல இருக்கும். கால் என்ற பின்னத்தின் குறி வ. எட்டேகாலை எழுத்தாகப் படித்தால் 'அவ'. அவலட்சணமே என்று நேரே திட்டாமல் எண்ணில் மறைத்துவிட்டார்! கேக் தட்டின் ஓரத்தில் கிரீமாலேயே எழுதிக் காட்டினேன். பையன் வாயைத் திறந்தபடி பார்த்தான். "அத்தை, இது அதேதானே?" என்றான். அதேதான். கணினியும் இல்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. ஏட்டில் எழுதிய காலத்து வித்தை. தமிழ் வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளை, ஐந்துக்கு என்ன குறி, பத்துக்கு என்ன குறி என்று துருவித் துருவிக் கேட்டான். பத்துக்கு ய-வைப் போல என்றதும் தாள் எடுத்துவிட்டான்.

நேற்று இரவு அண்ணி ஒரு குரல்பதிவு அனுப்பினார். அவன் அறைக் கதவுக்கு வெளியே நின்று பதிவு செய்தது. தோற்றுப்போன ஆட்டம் போலிருக்கிறது. "எட்டேகால்! எட்டேகால்!" என்று கத்துகிறான். சற்றுப் பொறுத்து, அவனுடைய குழுவில் ஆடும் மலாய்ப் பையன் ஒலிபெருக்கியில், "எத்தேகால்னா என்ன?" என்று கேட்கிறான். இவன் ஔவையிலிருந்து ஆரம்பிக்கிறான்.

அந்தப் பதிவை நான் ஆறு முறை கேட்டுவிட்டேன். சரி, மூன்று எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், விலையோடு. டிசம்பரில் அவன் தங்கைக்கு 13 வயது.