கடலாக இருந்த தரையில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூர்த் தீவைச் சுற்றி 150 கிலோமீட்டருக்கும் மேலாக ஒரு நடைபாதை உருவாகிவருகிறது. ரவுண்ட் ஐலேண்ட் ரூட் என்று பெயர். முதல் 75 கிலோமீட்டர் 2021 இறுதியிலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதில் ஒரு பகல் நடைக்குத் தோதான பகுதி, சாங்கி கிராமத்திலிருந்து காத்தோங் வரை கடலோரமாகவே போகும் வழி. இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும்.

சாங்கி ராமர் கோயிலில் ஒரு கும்பிடு, பக்கத்து உணவங்காடியில் சூடாக ஒரு தே, பிறகு சாங்கி கடற்கரைப் பூங்கா. எதிரே புலாவ் உபின் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். தரையிறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். அந்தப் பூங்காவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1942 பிப்ரவரி 20 அன்று, ஜப்பானிய வீரர்கள் 66 சீன ஆண்களை அங்கே நீர்விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். கூடாரம் போட்டு மீன் சுடுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்களோ!

அடுத்து விமான நிலையத்தை ஒட்டிய நீண்ட சாலை. சைக்கிள்காரர்களுக்கு அது கொண்டாட்டம், நடப்பவர்களுக்குத் தண்டனை. நிழலும் இல்லை, வளைவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பேசாமல் கடந்துவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. நீங்கள் மிதிக்கும் தரை 1966க்கு முன் கடல். பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி நிலத்தை நீட்டினார்கள். அந்தத் தென்னையும் சவுக்கும் வாதுமையும் நட்டு வளர்த்தவை. சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரின் பரேட் அடுக்குமாடிகளுக்கும் அதே மண்தான்.

பிடோக் படகுத்துறையைத் தாண்டி ஒரு கற்குவியல் மேல் ஏறி நின்று பாருங்கள். கொஞ்ச தூரத்தில் கடலை நோக்கி நீட்டிய இன்னொரு குவியல் தெரியும். இரண்டுக்கும் நடுவே மணல் அரிவாள் போல உள்வாங்கி வளைந்திருக்கும். அந்த வளைவை எவரும் மண்வெட்டியால் வெட்டவில்லை. கற்களை இடைவெளிவிட்டு அடுக்கியதோடு பொறியாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சத்தை அலை செதுக்கிக்கொண்டது. கல்லின் மறைவில் மணல் தங்கும், நடுவில் அரித்துப்போகும், ஒரு நிலையில் நின்றுவிடும். இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படகுத்துறையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதற்காக என்னோடு சண்டைக்கு வரலாம்.

அப்படியானால் பழைய கரை எங்கே? அதைப் பார்க்க, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதை வழியாக உள்ளே வந்து காத்தோங் பூங்காவுக்குப் போகவேண்டும். அங்கே தரைக்கடியில் ஒரு கோட்டை கிடக்கிறது. கடல்வழி வரும் பகையைச் சுட ஆங்கிலேயர்கள் 1879 வாக்கில் கட்டியது. பின்னால் கைவிட்டு மண்ணில் புதைத்துவிட்டார்கள். 2004இல் தோண்டியபோது மதில் வெளிப்பட்டது. பீரங்கி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இன்று தெரிவது அலை அல்ல, கார்கள்.

கடல் இன்னும் தள்ளிப்போகும். இந்தக் கரைக்கு எதிரே ஏறக்குறைய 800 ஹெக்டேரில் லாங் ஐலேண்ட் என்னும் நிலத்தை உருவாக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். உயரும் கடல்மட்டத்துக்கு அது அணை. அதற்கும் இன்றைய கரைக்கும் நடுவே நன்னீர்த்தேக்கம் வரும். தேவை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அலை செதுக்கிய அந்த வளைவுகளை அதற்குள் நடந்து பார்த்துவிடுங்கள் என்பேன். திரும்பி வருவதும் சிரமமில்லை. பூங்காவுக்குப் பக்கத்திலேயே 2024இல் காத்தோங் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள்.