‘இதர செலவுகள்’ மறைக்கும் முதலீடு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் பணம் சேர்வது வருமானத்தைப் பெருக்குவதாலா, அன்றாடச் செலவைக் கணக்கெழுதிக் கவனிப்பதாலா என்னும் இந்த வழக்கில் நான் கணக்கேட்டின் பக்கம் நிற்கிறேன்.

சம்பாத்தியம் கூடினால் சேமிப்பு தானாகக் கூடும் என்றார் எதிரணித் தலைவர். நூறு ஈட்டி 95 செலவழிக்கும் ஒருவருக்கு மாத மிச்சம் 5. அவருடைய வருமானம் 5 விழுக்காடு உயர்ந்து, பெரும்பாலும் நடப்பதைப் போலச் செலவும் அதே வீதத்தில் உயர்ந்தால், மிச்சம் 5.25 ஆகும். வருமானம் அப்படியே இருக்க, செலவில் மட்டும் 5 விழுக்காடு குறைந்தால், மிச்சம் 9.75 ஆகும், ஏறத்தாழ இரு மடங்கு. ஊதிய உயர்வு முதலாளியின் கையில் இருக்கிறது. செலவுக் குறைப்போ நம் கையிலேயே இருக்கிறது.

அவருடைய இரண்டாவது வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் வந்ததும் சேமிப்பைப் பிடித்துக்கொண்டால் கணக்கு எதற்கு என்று கேட்டு, பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த திட்டத்தைச் சான்றாகக் காட்டினார். 2004இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, அதில் சேர்ந்த ஊழியர்களின் சேமிப்பு வீதம் 40 மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது உண்மையே. ஆனால் அந்தத் திட்டம் ஒவ்வொரு ஊதிய உயர்வின்போதும் பிடித்தத்தைக் கூட்டிக்கொண்டே போனது. உயர்வே வராத ஆண்டில் எங்கிருந்து பிடிப்பது? எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் பிடித்தால், மாதக் கடைசியில் கடன் அட்டையைத் தேய்க்க நேரும். அதற்குக் கட்டும் வட்டி, முதலீடு தரும் வருவாயைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

கணக்கேட்டில் பெரிய செலவுகள் நம்மை ஏமாற்றுவதில்லை. வாடகையும் கடன் தவணையும் எல்லோருக்கும் மனப்பாடம். என் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரிய இடம் ‘இதர செலவுகள்’ என்னும் பத்திதான். அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள்: இலவசச் சோதனைக் காலம் முடிந்தபின் ரத்து செய்ய மறந்து, மாதந்தோறும் தானாகக் கழியும் செயலிச் சந்தா, ஒரே வாரத்தில் நான்கு முறை தனித்தனியாகக் கட்டிய விநியோகக் கட்டணம், தவணைத் தேதி தவறியதற்கான அபராதம். இவற்றில் எதுவும் நமக்கு மகிழ்ச்சி தந்த செலவு அன்று. ஆகவே நிறுத்தினாலும் வாழ்க்கை குறையாது. அப்படி விடுபட்ட தொகையை அதே நாளில் முதலீட்டுக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மாற்றாவிட்டால் அது வேறொரு ‘இதர’ செலவாகிவிடும். ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் ஒரு தொகை சுமார் 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பதால், இன்று மீட்கும் சிறு தொகையையும் அற்பமாக எண்ண முடியாது.

கணக்கெழுதினால் வீட்டில் நிம்மதி போகும் என்றும் சொன்னார்கள். யார் செலவழித்தார் என்று எழுதினால் சண்டை வரலாம். எதற்குச் செலவானது என்று எழுதினால் போதுமே.

நிறைவாக எதிரணித் தலைவரிடம் ஒரு கேள்வி. முதலீட்டுக்கு முன் ஆறு மாதச் செலவுக்கு நிகரான அவசரகால நிதி வேண்டும் என்று தாங்களே இந்த மேடையில் அறிவுறுத்தினீர்கள். கணக்கே எழுதாத ஒருவர், தம் ஒரு மாதச் செலவு எவ்வளவு என்பதை எதைப் பார்த்து அறிந்து ஆறால் பெருக்குவார்?