அந்த இரும்புக் கம்பியை வித்துடாதீங்க!

வணக்கம் மக்களே! போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு: "எங்க டிஎம் ஒரு மொக்கை மேஜிக் ஐட்டம் கொடுத்துட்டார் ப்ரோ, வித்துட்டு ப்ளஸ் ஒன் வாள் வாங்கிடவா?" என்ன ஐட்டம்னு பாத்தா, இம்மூவபிள் ராட். ஐயோ சாமி, அதையா விக்கப் போறீங்க?

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டே வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்த ஆட்டம். டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், உலகத்தை நடத்துவார், நம்ம கேரக்டர் என்ன பண்ணுதுன்னு நாம சொல்லுவோம், நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா இருபது முக டைஸை உருட்டுவோம். இன்னைக்கு நான் பேசுறது எல்லாம் அஞ்சாவது எடிஷன், 2014 ரூல்ஸ்.

ப்ளஸ் ஒன் வாள் என்ன பண்ணும்? டைஸ்ல ஒண்ணு கூட்டிக்கலாம், அடியில ஒண்ணு கூட்டிக்கலாம். அவ்வளவுதான், அதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. இம்மூவபிள் ராட் அப்படி இல்ல. ரெண்டடி நீளத் தட்டை இரும்புக் கம்பி, ஒரு முனையில ஒரு பட்டன். அமுக்குனா அந்த இடத்துலயே நிக்கும், அந்தரத்துல கூட. 8,000 பவுண்டு வரைக்கும் தாங்கும், அதாவது 3,600 கிலோவுக்கு மேல. யாராச்சும் தள்ளணும்னா ஸ்ட்ரென்த் செக்ல, அதாவது டைஸ்ல விழுந்ததோட பலத்துக்கான போனஸையும் கூட்டி, 30 எடுக்கணும். எதுக்குப் பயன்படுத்தணும்னு ரூல் புத்தகத்துல ஒரு வரி கூட இல்ல. எனக்கு அதுதான் பிடிச்சதே.

கதவுக்குப் பின்னாடி ஒட்டி வச்சு அமுக்குனா தாழ்ப்பாள். ரெண்டு கம்பி இருந்தா மாத்தி மாத்தி அமுக்கி ஆகாயத்துல ஏறலாம், ஆனா ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு ஆக்‌ஷன் போகும் (நம்ம டர்ன், அதாவது முறை, வரும்போது செய்யுற ஒரு செயல்), அதனால ரொம்ப மெதுவா. இதெல்லாம் எல்லாருக்கும் தோணுறதுதான்.

என் ஃபேவரிட் வேற. பர்ப்பிள் வார்ம் தெரியும்ல? மண்ணைத் துளைச்சுட்டு வந்து ஆளை முழுசா முழுங்குற ராட்சசப் புழு. முழுங்குனதும் உள்ள இருந்தபடியே கம்பியை அமுக்குங்க. இப்ப புழு நகரணும்னா 30 எடுக்கணும். அதோட ஸ்ட்ரென்த் 28, போனஸ் 9. டைஸ்ல 20 விழுந்தாலும் மொத்தம் 29 தாங்க! அடிக்கிற ரோல்ல 20 விழுந்தா தானா படும், ஆனா ஸ்ட்ரென்த் செக்ல அந்தச் சலுகை கிடையாது. அவ்வளவு பெரிய புழு ரெண்டடிக் கம்பியில மாட்டி நிக்கும். சிவப்பு டிராகன்லயே கிழடு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஸ்ட்ரென்த் 30, போனஸ் 10. அதுவும் சரியா 20 போட்டாத்தான் தப்பிக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீங்க உள்ள இருக்கீங்க. புழுவோட ஒவ்வொரு டர்ன்லயும் ஆசிட் 6டி6, அதாவது ஆறு முக டைஸ் ஆறை உருட்டிக் கூட்டுன டேமேஜ், சராசரி 21. அதனால வெளிய இருக்கிற நண்பர்கள் சீக்கிரம் வேலையை முடிக்கணும், இல்லன்னா நீங்க ஜீரணம் ஆயிடுவீங்க. சில டிஎம், "கம்பி சதையைக் கிழிச்சுட்டு வெளிய வந்துடும்"னு சொல்லலாம். சொல்லட்டுமே, கிழிஞ்சா யாருக்கு லாபம்?

சரி, அடுத்து தண்ணி. டிகேன்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர், ஒரு மந்திரக் குடுவை: மூடியைத் திறந்து மந்திரச் சொல் சொன்னா தண்ணி கொட்டும். மூணு வேகம் இருக்கு, அதுல பெருசு கெய்சர், ஒரு ரவுண்டுக்கு 30 காலன். ஆறு செகண்டுல 113 லிட்டர்! ஒருத்தர் நின்னு விடாம சொல்லிட்டே இருந்தா நிமிஷத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல. நீள அகல உயரம் பத்தடி இருக்கிற ஒரு அறை இருபத்தஞ்சு நிமிஷத்துல நிரம்பிடும். கண்ணுக்குத் தெரியாத எதிரி உள்ள இருக்கானா? தரையில தண்ணியை விட்டுட்டு எங்க சளக்குன்னு சத்தம் வருதுன்னு பாருங்க.

நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். இங்கதான் என் குரூப்ல இருக்கிற வியாபார மூளைக்காரர் உப்பளம் போடலாம்னு ஆரம்பிச்சாரு. கடல் தண்ணி மாதிரி லிட்டருக்கு 35 கிராம்னு வச்சா, கெய்சர்ல நிமிஷத்துக்கு 40 கிலோ உப்பு. விலைப் பட்டியல்ல ஒரு பவுண்டு உப்பு 5 செப்புக் காசு. கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு நாலு தங்கக் காசுக்கு மேல! நான் டிஎம், நான் என்ன பண்ணேன்? நடத்துங்கன்னு சொல்லிட்டேன். காய வைக்க வெயில் வேணும், அள்ள ஆள் வேணும், விக்க ஊர் வேணும், அந்த ஊர்ல ஏற்கனவே உப்பு விக்கிற சங்கம் ஒண்ணு இருக்கும்ல? அடுத்து வந்த கதை முழுக்க அந்தச் சங்கத்தோட சண்டைதான். நான் எழுதி வச்சிருந்த வில்லன் அப்படியே நோட்டுல தூங்குறாரு.

இதையும் தூக்கிச் சாப்பிடுற ஒண்ணு இருக்கு, டஸ்ட் ஆஃப் டிரைனஸ். ஒரு சிட்டிகை தூவுனா, பக்கத்துக்குப் பதினஞ்சடி கனசதுரத் தண்ணி ஒரே ஒரு கோலிகுண்டு ஆயிடும். லிட்டர்ல சொன்னா சுமார் 95,000! கோட்டை அகழியில வழி பண்ணுறதெல்லாம் சாதாரணம். அந்தக் குண்டைப் பாக்கெட்ல போட்டுட்டு நடங்க. கட்டியான இடத்துல அடிச்சு உடைச்சா மொத்தத் தண்ணியும் வெளிய வரும். டிகேன்டர் ஒன்றரை மணி நேரம் கிட்ட ஊத்தணும், இது ஒரு ஆக்‌ஷன். ஊரே தீப்பிடிச்சு எரியும்போது ஒரு ரோக், அதாவது திருட்டு வேலைக் கேரக்டர், கூரை மேல நின்னு கோலி விளையாடுற சீனை நினைச்சுப் பாருங்க.

பேக் ஆஃப் ஹோல்டிங், அதான் வெளிய சின்னதா உள்ள பெருசா இருக்கிற மந்திரப் பை, அதைப் பத்தி எல்லாரும் கேப்பீங்க. போர்ட்டபிள் ஹோலுக்குள்ள (மடிச்சு எடுத்துட்டுப் போற மந்திரக் குழி) அதைப் போட்டு ஆஸ்ட்ரல் பிளேன்ங்கிற வேற உலகத்துக்கு வாசல் திறக்குற அந்த 'பாம்' ஐடியா எனக்குச் சலிச்சுப் போச்சு. ஒவ்வொரு புது பிளேயரும் தான்தான் கண்டுபிடிச்ச மாதிரி வந்து சொல்றாங்க. அதைவிட, பை உள்ள ஆள் இருந்தா மூச்சுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும், ரெண்டு பேருன்னா அஞ்சு. நகரக் காவலைத் தாண்டி ஒருத்தரைக் கடத்த அது போதாதா? பையோட எடை எப்பவும் 15 பவுண்டுதான், தூக்குறவன் முகத்துல வேர்வை கூட வராது.

இன்னொரு விஷயம், இப்ப சொன்ன எதுக்குமே அட்டியூன்மென்ட், அதாவது ஐட்டத்தைக் கேரக்டரோட பிணைக்கிற வேலை, வேண்டாம். அதுக்கான உங்க மூணு ஸ்லாட்டும் அப்படியே இருக்கும்.

டிஎம்களுக்கு ஒண்ணு. பிளேயர் இப்படி ஏதாச்சும் கொண்டு வந்தா உடனே முடியாதுன்னு சொல்லாதீங்க. ஐட்டத்தோட வரியைக் கடைசி வரைக்கும் சத்தமா படிங்க, பாதி தந்திரம் அங்கயே விழுந்துடும். மிச்சம் நின்னா நடக்க விடுங்க, ஆனா அதே தந்திரம் நாளைக்கு எதிரி கோப்ளின் (குட்டி அரக்கன்) கையிலயும் வேலை செய்யும்னு முன்னாடியே சொல்லிடுங்க. எங்க மேசையில இந்த ஒரு ரூல் வந்த பிறகு, சாப்பாட்டு நேரத்துல வந்துட்டிருந்த பாதி ஐடியாக்கள் தானா நின்னுடுச்சு.

இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. ஓடுற கப்பல் மேல நின்னு இம்மூவபிள் ராடை அமுக்குறீங்க. கம்பி கப்பலோட வருமா, இல்ல கப்பலைக் கிழிச்சுட்டு அங்கேயே நிக்குமா? "நிக்கும்"னு சொல்றவங்க அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும்: நம்ம பூமி நிலநடுக்கோட்டுல மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, உங்க உலகமும் அப்படிச் சுத்துனா அந்தக் கம்பி எதைப் பொறுத்து நிக்குது? கமெண்ட்ல அடிச்சுக்கோங்க, நான் படிக்கிறேன். பை!