இரத்தின முதலியாரின் ஒருவேளைச் சாப்பாடு

(வண்ணாரப்பேட்டையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். எழுத்தையும் பதிப்பையும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கலாம். ஆனால் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தைப் பற்றி மட்டும்தான் விசாரிக்கிறார்கள். எழுதி முடித்த தாள்கட்டு எப்படிப் புத்தகமாகிறது, அதற்கு நடுவில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் அதைத்தான் பேசப்போகிறேன்.

அதற்கு வெளியூர் போகவேண்டாம். இங்கிருந்து நடந்தே ஏழுகிணற்றுக்குப் போய்விடலாம். அங்கே வீராசாமித் தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் பாடிக்கொண்டே இருந்தார்; பாடல்களை அச்சில் பார்க்கும் ஆசை அவருக்கு இல்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர்தான் விடவில்லை. வள்ளலார் சென்னையை விட்டுக் கருங்குழிக்குப் போன பிறகும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார். பசியோடு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் வள்ளலார் மனம் தாங்குமா? இசைந்தார். ஆளைத் தெரிந்துதான் முதலியார் அப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்!

இசைந்த பிறகும் உடனே புத்தகம் வந்துவிடவில்லை. கிடைத்த பாடல்களையெல்லாம் தொழுவூர் வேலாயுத முதலியார் ஆறு திருமுறைகளாக வகுத்தார். 1867-ல் முதல் நான்கு திருமுறைகள்தான் அச்சாயின. ஐந்தாவது 1880-ல் வந்தது. ஆறாவதை அப்போது வெளியிட வேண்டாம் என்பது வள்ளலாரின் விருப்பம். அது அவர் காலத்துக்குப் பிறகு 1885-ல்தான் வந்தது. எழுதவைப்பது, கேட்டு வாங்குவது, வரிசைப்படுத்துவது, எதை இப்போது போடலாம் எதை நிறுத்திவைக்கலாம் என்று முடிவு செய்வது. இன்று பதிப்பகங்களில் எடிட்டர் என்று ஒருவரை உட்காரவைத்தால் அவர் செய்யவேண்டிய வேலை இதுதான். நம் பதிப்பகங்கள் பலவற்றில் அந்த நாற்காலியே கிடையாது என்பது வேறு விஷயம்.

திருவருட்பா என்ற பெயரில் வந்த இந்தப் பாடல்களை எதிர்த்து எழுதியவரும் தூரத்தில் இல்லை. ஆறுமுக நாவலரின் அச்சகம் இதோ, தங்கசாலையில்தான் இருந்தது. பிழையில்லாத பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று பெயர் வாங்கியவர். வள்ளலார் பாடியது அருட்பாவா, மயக்கும் மருட்பாவா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-ல் படைப்பெழுத்துக்கு முதுகலை வகுப்பு தொடங்கியது. 2017-ல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே படித்தவர். உடனே கேட்பீர்கள்: எழுத்தைச் சொல்லித்தர முடியுமா? கற்பனையைச் சொல்லித்தர முடியாது. ஆனால் அந்த வகுப்புகளின் நடுவே இருப்பது ஒரே ஒரு வேலை. நீங்கள் எழுதியதை உடன் படிப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வந்து உங்கள் முகத்துக்கு நேரே பேசுவார்கள். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாக்சிங்கில் தொங்குகிற மூட்டையை எவ்வளவு குத்தினாலும் எதிரில் ஓர் ஆள் நிற்கிறபோதுதான் நம் ஓட்டை தெரியும். வீட்டில் காட்டினால் "நல்லாருக்கு" என்பார்கள். அது உதவாது.

இந்தியாவில் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்துக்கு டிப்ளமோ இருக்கிறது. புத்தகப் பதிப்புக்கென முதுநிலை டிப்ளமோவும் உண்டு. இரண்டும் தனித்தனிப் படிப்பு. இரண்டையும் ஒரே மேசையில், தமிழில் நடத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. கதை எழுதுகிற மாணவி பாரக் கணக்கும் போடட்டும். அச்சில் ஒரே தாளாக ஓட்டி மடிக்கிற பக்கக் கட்டுதான் பாரம். ஒரு பாரம் 16 பக்கம். உங்கள் நாவல் 194 பக்கம் வருகிறது என்று வையுங்கள். 12 பாரம் 192-லேயே முடிந்துவிடும். மிச்சம் 2 பக்கத்துக்காக இன்னொரு அரைப் பாரமாவது ஓட்டவேண்டும். அப்போது எந்த இரண்டு பக்கத்தை வெட்டுவது என்று உட்கார்ந்து யோசித்தால், வெட்டவேண்டியது இரண்டல்ல இருபது என்று தெரியவரும். என் அனுபவத்தில் இதைவிட நல்ல எடிட்டிங் பாடம் கிடையாது.

பணத்தையும் பாடமாக வைக்கவேண்டும். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எழுதுவேன் என்கிறவர்கள் எழுதுங்கள், சந்தோஷம்.

"வேலை கிடைக்குமா சார்?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். நாவலாசிரியர் என்று யாரும் ஆள் எடுப்பதில்லை, தம்பி. ஆனால் புரூஃப் பார்க்கவும், மொழிபெயர்ப்பைச் செப்பனிடவும், பாடநூல் தயாரிக்கவும், படங்களுக்கு சப்டைட்டில் எழுதவும் தமிழ் ஒழுங்காகத் தெரிந்த ஆள் வேண்டும். கூலி பெரிதில்லை. ஆனால் ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள் என்பதும் உண்மை.

கடைசியாக இரண்டு விஷயம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. அப்புறம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பதிப்பகத்துக்கு உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும். ஆனால் "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று எழுதியிருந்தால், அது உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். பேனாவை மூடிவிட்டு, அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.